பிளகின் போட்டுப் பிழைக்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

சொந்தமாகச் சின்ன மென்பொருள் செய்து விற்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததில் பெரும்பாலானவை வேர்ட்பிரஸ் பிளகின் (இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸோடு கூடுதல் வசதிக்காகச் சேர்க்கிற துணை மென்பொருள்) பற்றியே இருந்ததால் இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்று நிறையப் பேர் எழுதியிருந்தார்கள், அதனால் எல்லோருக்குமே ஊர் மட்டும்.

"ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு, வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்குகிற வூகாமர்ஸ் பிளகினில் ஆன்லைன் கடை போட்டுக் கொடுத்தேன். வாடிக்கையாளரே டெலிவரி தேதியைத் தேர்வு செய்யவும், ஒரு நாளைக்கு இத்தனை கிலோவுக்கு மேல் ஆர்டர் எடுக்காமல் நிறுத்தவும் ஒரு பிளகின் எழுதினேன். இதைத் தனியாக விற்கலாமே என்கிறார்கள் நண்பர்கள். ஏற்கெனவே அறுபதாயிரம் பிளகின் கிடக்கிற இடத்தில் என்னுடையதை யார் சீண்டுவார்கள்?" (கோவை)

அந்த அறுபதாயிரத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வப் பிளகின் பட்டியலான டைரக்டரியில் ஏதாவது ஒரு சொல்லைப் போட்டுத் தேடி நாலைந்து பக்கம் தள்ளிப் பாருங்கள், கடைசி மூன்று பெரிய பதிப்புகளில் சோதிக்கப்படவில்லை என்ற எச்சரிக்கையோடு எத்தனையோ பிளகின்கள் நிற்கும். எழுதியவர் வேலை கிடைத்துப் போயிருப்பார், அல்லது அலுத்துப் போயிருப்பார்.

உங்கள் பிளகினில் தேதி தேர்வு செய்யும் பகுதிக்கு மதிப்பு குறைவு, அதை ஏற்கெனவே பலர் செய்துவிட்டார்கள். கிலோ கணக்குதான் உங்கள் சொத்து. தீபாவளிக்கு முந்தின வாரம் நூறு பேர் கால் கிலோ மைசூர்பாகு கேட்டாலும் சரி, ஒரே ஆள் இருபத்தைந்து கிலோ கேட்டாலும் சரி, அடுப்பும் மாஸ்டரும் அதேதான். ஆர்டர்களை எண்ணுகிற பிளகின் இந்த இடத்தில் ஏமாந்துவிடும், எடையை எண்ணுகிற பிளகின் ஏமாறாது. இதே தலைவலி கேக் செய்பவருக்கு உண்டு, பிரியாணி ஆர்டர் எடுப்பவருக்கு உண்டு, அமெரிக்காவில் நன்றி நவிலும் நாளுக்கு முன்னால் திண்டாடுகிற பேக்கரிக்காரருக்கும் உண்டு. அவர்களை நேராகப் பார்த்துப் பேசுங்கள்.

போட்டிப் பிளகின்களின் ஐந்து நட்சத்திர விமர்சனங்களைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஒன்று, இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன கேட்டுக் கிடைக்காமல் போனார்கள், எந்தக் கேள்விக்கு ஆசிரியர் பதிலே போடவில்லை என்று பாருங்கள். அதுதான் உங்கள் சந்தை ஆய்வு, பைசா செலவில்லை.

ஆனால் விற்பதற்கு முன் ஒரு விஷயம். அந்தக் கோடு (நிரல்) யாருடையது? நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது எழுதியது முதலாளிக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸாகச் செய்து கொடுத்தது, எழுத்தில் உரிமை மாற்றிக் கொடுக்காதவரை, பொதுவாக எழுதியவருக்குத்தான். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள், ஒப்பந்தமே இல்லை என்றாலும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆயுள் முழுக்க இலவசமாகக் கொடுக்கிறேன் என்றால் அவர் ஏன் மறுக்கப்போகிறார்? உங்கள் முதல் சோதனைக்கூடமும் அவர் கடைதான்.

இன்னொன்று, இது உங்கள் ரகப் பிளகினுக்கே உரியது. 2023 நவம்பரில் வந்த வூகாமர்ஸ் 8.3 முதல் புதிதாகத் தொடங்கும் கடைகளில் பணம் கட்டுகிற செக்அவுட் பக்கம் 'பிளாக்' என்ற புது வடிவத்தில்தான் வருகிறது. பழைய முறையில் ஹுக் (நம் நிரலை வூகாமர்ஸோடு இணைக்கிற கொக்கி) போட்டுச் சேர்த்த தேதிப் பெட்டி அங்கே தெரியவே தெரியாது. எர்ரர் வராது, எச்சரிக்கை வராது, பெட்டி மட்டும் இருக்காது. உங்கள் ஸ்வீட் ஸ்டால் பழைய செக்அவுட்டில் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் உங்களுக்கு இது பட்டிருக்காது. புதுக் கடை ஒன்றைச் சோதனைக்குத் திறந்து அதில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் விற்பனையைப் பற்றி யோசியுங்கள்.

"வேர்ட்பிரஸ் ஜிபிஎல் என்ற திறந்தமூல உரிமத்தில் இருப்பதால் பிளகினும் ஜிபிஎல்லில்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் ஒருவர் காசு கொடுத்து வாங்கி ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவிட மாட்டாரா? இதில் என்ன வியாபாரம் இருக்கிறது?" (சேலம்)

கொடுப்பார். கொடுக்க அவருக்கு உரிமையும் உண்டு. ஜிபிஎல் காசு வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை, வாங்கியவர் கையைக் கட்டக்கூடாது என்றுதான் சொல்கிறது. பெரிய பிளகின்களின் புரோ பதிப்புகளை (காசுக்கு விற்பவை) அள்ளிப்போட்டு மலிவாக விற்கிற தளங்களும் இருக்கின்றன, லைசென்ஸ் சோதனையைக் கழற்றிவிட்டு 'நல்டு' என்ற பெயரில் இறக்கிக்கொடுக்கிற தளங்களும் இருக்கின்றன, பின்னதில் வைரஸும் சேர்த்தே வரும்.

இவ்வளவு இருந்தும் இந்த வியாபாரம் நடக்கிறதே, எப்படி? வாங்குபவர் காசு கொடுப்பது ஜிப் கோப்புக்கு அல்ல, அடுத்த அப்டேட்டுக்கு. வேர்ட்பிரஸ் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னிடம் உள்ள பிளகின்களுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும். டைரக்டரியில் இல்லாத புரோ பிளகின் அந்தக் கேள்வியை நடுவில் பிடித்து உங்கள் சர்வருக்குத் திருப்பும், கூடவே லைசென்ஸ் கீயையும் அனுப்பும். கீ சரியாக இருந்தால் உங்கள் சர்வர் புதுப் பதிப்பின் முகவரியைக் கொடுக்கும், காலாவதியாகியிருந்தால் புதுப்பிக்கச் சொல்லும். அவ்வளவுதான் பூட்டு. பழைய பதிப்பு அவர் தளத்தில் தொடர்ந்து ஓடட்டும், அதை நிறுத்த முயலாதீர்கள். கீ காலாவதியான அன்று கடையின் செக்அவுட்டையே முடக்குகிற பிளகின்காரர்களும் உண்டு. அப்படிச் செய்தால் அந்தக் கடைக்காரர் திரும்பி வரவே மாட்டார், பத்துப் பேரிடம் சொல்லவும் செய்வார்.

திருட்டுப் பிரதி எடுத்தவரைத் துரத்துவதில் செலவிடுகிற நேரத்தில் ஒரு நல்ல உதவிப் பக்கம் எழுதிவிடலாம். அவர் எப்படியும் வாங்கியிருக்கமாட்டார்.

"இலவசப் பதிப்பில் எவ்வளவு கொடுக்கலாம்? பதினைந்து நாளைக்குப் பிறகு பூட்டிவிடுகிற மாதிரி வைக்கலாமா?" (ஈரோடு)

டைரக்டரியில் அது நடக்காது. அங்கே வைக்கிற பிளகினில் உள்ளது எல்லாமே வேலை செய்ய வேண்டும், நாள் கணக்கில் பூட்டுவதும், நிரலை உள்ளே வைத்துவிட்டுப் பணம் கட்டினால் திறக்கும் என்பதும் விதிப்படி கூடாது. புரோ வசதிகள் தனிப் பிளகினாக உங்கள் தளத்திலிருந்து போக வேண்டும்.

எங்கே கோடு கிழிப்பது என்றால், சின்னக் கடைக்கு இலவசப் பதிப்பே போதும் என்று இருக்கட்டும், கடை வளரும்போது உண்டாகிற தேவைகளைப் புரோவில் வையுங்கள். கோவை வாசகரின் பிளகினையே எடுத்துக்கொண்டால் தேதி தேர்வும் மொத்தக் கிலோ வரம்பும் இலவசம், இனிப்புக்கு ஒரு வரம்பு காரத்துக்கு ஒரு வரம்பு என்று பிரிப்பதும் இரண்டு கிளைகளைச் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதும் புரோ. இரண்டாவது கிளை திறந்தவர் கையில் காசு இருக்கும், கேட்டுவாங்கவும் செய்வார்.

அப்புறம், டாஷ்போர்டு முழுக்க 'அப்கிரேடு செய்யுங்கள்' பட்டைகள், மூடினால் மறுபடி வருகிற அறிவிப்பு, இதெல்லாம் வேண்டாமே. விதியும் அதைத்தான் சொல்கிறது. உங்கள் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நாகரிகமாக ஒரு வரி போதும்.

"என் பிளகினுக்குப் பெயரில் வேர்ட்பிரஸ் அல்லது வூகாமர்ஸ் என்று வைக்கலாமா? தேடும்போது முதலில் வருமே." (ஓசூர்)

இரண்டுமே வணிகச் சின்னங்கள். உங்கள் பெயரை முதலில் வைத்து, கடைசியில் 'ஃபார் வூகாமர்ஸ்' என்று சேர்க்கலாம், அதிலேயே ஆரம்பிக்கக் கூடாது. வேர்ட்பிரஸ் என்ற முழுச் சொல்லை டொமைனில் வைக்கவே கூடாது, 'டபிள்யூபி' என்றால் பிரச்சினை இல்லை. பிளகினின் முகவரியாக அமையும் பெயரை அனுமதி கிடைத்தபின் மாற்ற முடியாது, அதனால் ஒரு நாள் கூடுதலாக யோசித்து வையுங்கள்.

"ஒரே தடவை விலையா, வருடச் சந்தாவா? 'லைஃப்டைம்' என்று போட்டால் சீக்கிரம் விற்குமாமே. விலையை எப்படி வைப்பது?" (திருநெல்வேலி, சென்னை, திருச்சி)

வருடச் சந்தா. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காரணத்தை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். வூகாமர்ஸ் ஆரம்பத்தில் ஆர்டர்களை டேட்டாபேஸில் வேர்ட்பிரஸின் பதிவுகள் இருக்கிற அதே டேபிளில்தான் வைத்திருந்தது, பிளகின் எழுதுபவர்களும் நேராக அங்கே கைவைத்துத் தகவலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2023 அக்டோபரில் வந்த 8.2 பதிப்பிலிருந்து புதுக் கடைகளில் ஆர்டர்களுக்குத் தனி டேபிள்கள் என்று ஆகிவிட்டது. நேராகக் கைவைத்த கோடெல்லாம் திருத்தப்பட வேண்டியதாயிற்று. 2021இல் ஒரே தடவை காசு வாங்கிக்கொண்டு விற்றவர் இந்த வேலையை எந்தக் காசில் செய்வார்? புது வாடிக்கையாளர் தருகிற காசில் பழைய வாடிக்கையாளருக்கு வேலை பார்க்க வேண்டும், புதியவர்கள் வருவது நின்ற மாதம் அந்தச் சக்கரம் நின்றுவிடும். லைஃப்டைம் விற்பனை இதன் முற்றிய வடிவம். தொடக்கத்தில் கையில் நிறையக் காசு வரும், வாங்கியவர்களில் பலர் தள்ளுபடிக்காகவே வாங்கியவர்களாக இருப்பார்கள், ஆனால் உதவி கேட்டு எழுதுவதில் அவர்கள் சளைத்தவர்கள் அல்ல. அவசரத்துக்கு முதலீடு தேவை என்றால் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திச் சில லைஃப்டைம் விற்றுக்கொள்ளுங்கள், அதையே பிழைப்பாக்காதீர்கள். கோட்கேன்யான் மாதிரிச் சந்தைகளில் முறையே வேறு, ஒரு முறை விலை, ஆறு மாத உதவி, அப்டேட் தொடர்ந்து போக வேண்டும். முதல் வாடிக்கையாளர்களைப் பிடிக்க அது உதவும், ஆனால் வாங்குபவரின் மெயில் முகவரிகூட உங்கள் கையில் இருக்காது.

விலை என்று வந்தால் நம்மவர்கள் பெரும்பாலும் கூச்சப்பட்டே கெடுக்கிறார்கள். ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டால் அமெரிக்கக் கடைக்காரர் விலையைப் பார்த்தே பயந்துவிடுவார், அடுத்த வருடம் இவர் இருப்பாரா என்று. இந்த ரகப் பிளகின்கள் வருடத்துக்கு 49, 59, 79 டாலர் என்ற வரிசையில் விற்கின்றன, அந்த வரிசையிலேயே வையுங்கள். 59 டாலர் கட்டுகிற நூறு பேர் கிடைத்தால் வருடத்துக்கு 5,900 டாலர், கமிஷன் கழிவதற்கு முன் ஏறக்குறைய ஐந்து லட்ச ரூபாய். நூறு பேர் என்பது எட்டக்கூடிய எண். ஆனால் அடுத்த வருடம் அவர்களில் எத்தனை பேர் புதுப்பிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் வேலையை விடலாமா என்ற பேச்சே.

இந்தியக் கடைகளுக்குத் தனியாக ரூபாய் விலை வைப்பது நியாயம். ஆனால் ஒன்று கவனியுங்கள், 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் தானாகக் கழிகிற சந்தாவுக்கு முதலில் வாடிக்கையாளர் ஒப்புதல் பதிய வேண்டும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் போக வேண்டும். நடைமுறையில் இந்தியக் கார்டுகளில் தானியங்கிப் புதுப்பித்தல் அடிக்கடி தவறும். அதனால் காலாவதிக்கு முன் ஒரு மெயில், அதில் ஒரே கிளிக்கில் யுபிஐயில் கட்டுகிற சுட்டி, இதை முதல் நாளிலேயே அமைத்துவிடுங்கள்.

"டாலரில் காசு வந்தால் வரி, ஜிஎஸ்டி என்ன செய்வது? ஐரோப்பாவில் வாங்கினால் அங்கேயும் வரி கட்ட வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள்." (சென்னை)

பயமுறுத்தவில்லை, நிஜம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனிநபருக்கு டிஜிட்டல் பொருள் விற்றால் வாங்குபவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டு வாட் வரி. லக்சம்பர்க்கில் 17 சதவீதம், ஹங்கேரியில் 27. அதைக் கணக்கிட்டு வசூலித்துக் கட்டுகிற வேலையை ஒற்றை ஆள் செய்ய வேண்டியதில்லை. பேடில், ஃப்ரீமியஸ் போன்ற நிறுவனங்கள் சட்டப்படி தாங்களே விற்பனையாளராக நின்று, பில் போட்டு, அந்தந்த நாட்டு வரியைக் கட்டிவிட்டு, கமிஷன் போக மீதியை உங்களுக்கு அனுப்பும். கட்டண கேட்வேயைவிடக் கமிஷன் அதிகம்தான். மூன்று பேர் டீம் ஆகும்வரை அது கொடுக்கத் தகுந்த காசு என்பது என் கட்சி.

இங்கே, சேவைக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு வருடத்துக்கு 20 லட்சம். ஏற்றுமதி அதில் சேராது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், சேரும். பதிவு செய்தபின் ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம், ஆனால் ஒவ்வொரு நிதியாண்டும் எல்யுடி என்ற உறுதிப்பத்திரத்தைப் போர்ட்டலில் போட்டுவிட வேண்டும், மறந்தால் வரியைக் கட்டிவிட்டு ரீஃபண்டுக்கு அலைய வேண்டும். வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான வங்கிச் சான்றுகளை மாதாமாதம் இறக்கி ஒரு ஃபோல்டரில் போடுங்கள், மார்ச் மாதம் தேடினால் கிடைக்காது. பேபாலை நம்பி உள்ளூர் வியாபாரம் போட்டுவிடாதீர்கள், 2021 ஏப்ரலோடு இந்தியாவுக்குள்ளான பணப்பட்டுவாடாவை அது நிறுத்திவிட்டது, வெளிநாட்டிலிருந்து வருவதற்கு மட்டும்தான். மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள், ஏற்றுமதி பார்த்த ஆடிட்டராகப் பார்த்து.

"என் வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டுப் பிளகின் விற்கிறார். வருமானம் பரவாயில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து யாரோ வெள்ளைக்காரருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். கேட்டால் 'இதுதான் பிசினஸ்' என்கிறார். நிஜமா?" (மதுரை)

சகோதரி, பாதி நிஜம். காசு கட்டியவருக்குப் பதில் எழுதுவதுதான் இந்தப் பிழைப்பு, ஆனால் இரண்டு மணிக்கு எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. 'வேலை நாட்களில் 24 மணி நேரத்துக்குள் பதில், இந்திய நேரம் பத்து முதல் ஆறு' என்று தளத்தில் போடச் சொல்லுங்கள். கலிபோர்னியாக்காரர் தூங்கப் போகும்போது இவர் உட்காருவார், அவர் எழும்போது பதில் இருக்கும். உண்மையில் நம் நேரம் அதற்கு வசதி. கடையே நின்றுவிட்டது, செக்அவுட் ஓடவில்லை என்றால் மட்டும் அவசரம், அதற்குத் தனி வழி வைத்துக்கொள்ளலாம்.

மற்றபடி, ஒரே கேள்வி மறுபடி மறுபடி வந்தால் குற்றம் கேட்பவரிடம் இல்லை, பிளகினில் இருக்கிறது. எல்லோரும் முட்டுகிற ஓர் இடத்தைச் சொல்கிறேன், அவரிடம் படித்துக் காட்டுங்கள். 'ராத்திரி ஒரு மணிக்கு ஆர்டர் போட்டால் முடிந்துபோன நேற்றைய தேதியையும் தேர்வு செய்யவிடுகிறது' என்று புகார் வரும். பகலில் சோதித்தால் சரியாக இருக்கும். காரணம், கோடு யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைக் கேட்கிறது, நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், அதனால் நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். தளத்தின் நேர மண்டலத்தைக் கேட்டுக் கணக்கிடும்படி ஒரு வரியை மாற்ற வேண்டும், கூடவே செட்டிங்ஸ் பக்கத்தில் 'இப்போது உங்கள் கடையில் மணி இவ்வளவு' என்று காட்டிவிட வேண்டும். தவறான மண்டலம் வைத்திருப்பவர் தானே கண்டுபிடித்துத் திருத்திவிடுவார், மெயில் வராது. இப்படி வாரத்துக்கு ஒரு கேள்வியைக் கொன்றால் தூக்கம் திரும்பிவரும்.

வாடிக்கையாளர் மெயிலில் அனுப்புகிற அட்மின் பாஸ்வேர்டுகளை வாங்கி வைத்துக்கொள்வதையும் நிறுத்தச் சொல்லுங்கள். வேர்ட்பிரஸே தருகிற சைட் ஹெல்த் அறிக்கையைக் கேட்டாலே பெரும்பாலான பிரச்சினை பிடிபடும்.

"உங்கள் பிளகினில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்று முன்பின் தெரியாத ஒருவர் மெயில் அனுப்பியிருக்கிறார். மிரட்டிக் காசு பறிக்கப் பார்க்கிறாரா?" (தஞ்சாவூர்)

விவரம் சொல்லாமல் முதலிலேயே காசு கேட்டால் ஒதுக்குங்கள். எந்தக் கோப்பு, எந்த இடம், எப்படி உடைகிறது என்று எழுதியிருந்தால் அவர் உங்களுக்கு நன்மை செய்பவர், அன்றைக்கே நன்றி சொல்லிப் பதில் போடுங்கள், திருத்துங்கள், வெளியிடுங்கள், மாற்றக் குறிப்பில் மறைக்காமல் 'பாதுகாப்புத் திருத்தம்' என்றே எழுதுங்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் டைரக்டரிக் குழு பிளகினை மூடிவிடும், புது இன்ஸ்டால் நின்றுவிடும். ஐரோப்பாவுக்கு விற்பவர்கள் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் பற்றியும் படித்து வையுங்கள், 2026 செப்டம்பர் முதல் புகாரளிக்கும் கடமையும், 2027 டிசம்பர் முதல் முழுச் சட்டமும் அமலாகின்றன.

"ஏஐயிடம் கேட்டால் அதுவே பிளகின் எழுதித் தருகிறது. இனிமேல் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?" (விழுப்புரம்)

நாற்பது வரிப் பிளகின்களை வாங்கமாட்டார்கள், அந்தச் சந்தை போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வீட் ஸ்டால்காரர் ஏஐயிடம் கிலோ கணக்கு வாங்கி ஓட்டியும்விடுவார். தீபாவளிக்கு முந்தின வாரம் வூகாமர்ஸ் அப்டேட் வந்து அது நின்றால் கடாயை விட்டுவிட்டு வந்து ஏஐயோடு பேசிக்கொண்டிருப்பாரா? அந்த வாரத்துக்காகத்தான் உங்களுக்கு வருடம் முழுக்கக் காசு கொடுக்கிறார்.

"என் இலவசப் பிளகின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தளங்களில் ஓடுகிறது. புரோ வாங்கியவர்கள் முந்நூறு பேர். வெளிநாட்டிலிருந்து ஒருவர் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்கிறார், ஆனால் 'இலவசப் பிளகின் மட்டும் போதும், புரோ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்கிறார். லாபம்தானே? கொடுத்துவிடலாமா?" (சென்னை)

கொடுக்காதீர்கள். காசு வருகிற பகுதி வேண்டாம், காசே வராத பகுதிக்கு நல்ல விலை என்றால் அவர் வாங்குவது பிளகினை அல்ல. பத்தாயிரம் தளங்களுக்குள் ஓர் அப்டேட்டை அனுப்புகிற உரிமையை வாங்குகிறார்.

இது கற்பனை இல்லை. டிஸ்பிளே விட்ஜெட்ஸ் என்று ஒரு பிளகின், இரண்டு லட்சம் தளங்களில் இருந்தது. 2017இல் 15,000 டாலருக்குக் கைமாறியது. புது முதலாளி அனுப்பிய பதிப்புகள் அந்தத் தளங்களில் ஸ்பேம் பக்கங்களைச் செருகின. லாகின் செய்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் தெரியாதபடி எழுதியிருந்தார்கள், அதனால் தளத்தின் சொந்தக்காரர் தன் தளத்தைத் தானே பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும், வந்துபோகிறவர்களுக்கும் கூகுளுக்கும்தான் குப்பை தெரியும். டைரக்டரியிலிருந்து தூக்கினார்கள், திரும்ப வந்தது, மறுபடி தூக்கினார்கள், அந்த வருடம் செப்டம்பரில்தான் ஒரேயடியாகப் போனது. அதே டிசம்பரில் கேப்ட்சா என்ற பிளகின், மூன்று லட்சம் தளங்கள், கைமாறிய பிறகு அதில் பின்வாசல் வைக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. குரோமிலும் இதே கதைதான், தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் 2020இல் விற்கப்பட்டது, 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கான மென்பொருள் என்று நீக்கியது. உங்கள் விஷயத்தில் இன்னும் மோசம், புரோ உங்களிடமே இருக்கும், அதாவது குப்பை வந்த அன்று திட்டு வாங்க உங்கள் முந்நூறு பேரும் உங்களிடமே வருவார்கள்.

விற்பதே தப்பு என்று சொல்லவில்லை. 2021இல் மட்டும் யோஸ்ட் என்ற பிளகின் நிறுவனத்தை நியூஃபோல்டு டிஜிட்டல் வாங்கியது, ஈஸி டிஜிட்டல் டவுன்லோட்ஸ் முதலான பிளகின்களை ஆசம் மோட்டிவ் வாங்கியது. சின்னப் பிளகின்களை வாங்குகிற நேர்மையான ஆட்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது இன்ஸ்டால் எண்ணிக்கையை அல்ல, வரவுசெலவை. ஒரு வருட நிகர லாபம் எவ்வளவு, எத்தனை சதவீதம் பேர் புதுப்பிக்கிறார்கள், உதவிக்கு வாரம் எத்தனை மணி நேரம் போகிறது, நீங்கள் இல்லாமல் ஓடுமா. நிகர லாபத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு என்ற அளவில் பேச்சு தொடங்கும், புதுப்பித்தல் நன்றாக இருந்தால் ஏறும், எல்லாம் உங்கள் தலைக்குள்ளேயே இருந்தால் இறங்கும்.

இரண்டு வருடம் கழித்து விற்கலாம் என்ற எண்ணம் லேசாக இருந்தாலும் இன்றைக்கே சில வேலைகளைச் செய்துவையுங்கள். பிளகின் வருமானத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. டொமைன், சர்வர், மெயில் எல்லாம் பிளகினின் பெயரில், உங்கள் சொந்த ஜிமெயிலில் அல்ல. நண்பர் யாராவது கோடு எழுதிக் கொடுத்திருந்தால் எழுத்தில் உரிமை மாற்றம் வாங்கிவிடுங்கள், விற்கும் நேரத்தில் போய்க் கேட்டால் அவர் பங்கு கேட்பார். பேபால் சந்தாக்களை இன்னொருவர் கணக்குக்கு மாற்ற முடியாது, வாடிக்கையாளர்கள் புதிதாகக் கட்டித்தான் தொடர வேண்டும், வாங்குபவர் அதற்கேற்ப விலையைக் குறைப்பார், அதனால் புதுச் சந்தாக்களையாவது வேறு வழியில் வாங்கத் தொடங்குங்கள்.

பேச்சு முற்றினால் பணத்தை எஸ்க்ரோவில் (இருவருக்கும் பொதுவான மூன்றாம் ஆளிடம்) வைக்கச் சொல்லுங்கள், டைரக்டரி உரிமையைக் கடைசியாக மாற்றுங்கள். வாங்குபவரின் மற்றப் பிளகின்களின் மாற்றக் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள், ஒழுங்காக அப்டேட் போடுகிறவரா என்று தெரியும். மற்றப் பிளகினே இல்லை, நிறுவனத்துக்கு முகவரி இல்லை, வீடியோ அழைப்புக்கு வர மறுக்கிறார் என்றால் அத்தோடு விட்டுவிடலாம். வரி எப்படி என்பதைக் கையெழுத்துக்கு முன் ஆடிட்டரிடம் கேளுங்கள், பின்னால் கேட்டுப் பயனில்லை. முந்நூறு வாடிக்கையாளர்களுக்கும் கைமாறும் செய்தியை நீங்களே முன்கூட்டி எழுதிவிடுங்கள், அவர்கள் மெயில் முகவரிகளையும் சேர்த்துத்தானே கொடுக்கிறீர்கள்.

"முதல் பிளகினை டைரக்டரிக்கு அனுப்பினேன். நீளமான குறைப் பட்டியலோடு திருப்பிவிட்டார்கள். மறுபடி புதிதாக அனுப்பலாமா?" (புதுச்சேரி)

புதிதாக அனுப்பாதீர்கள், வரிசையில் மறுபடி கடைசிக்குப் போவீர்கள். அந்தப் பட்டியல் எல்லோருக்கும் வருவதுதான். உள்ளே வருகிற தகவலைச் சுத்தம் செய்யவில்லை, வெளியே காட்டுவதை எஸ்கேப் செய்யவில்லை (உலாவி அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாதபடி மாற்றவில்லை), ஃபங்ஷன் பெயர்களுக்கு முன்னொட்டு இல்லை, இந்த மூன்றும் உங்கள் பட்டியலிலும் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். முன்னொட்டு குறைந்தது நான்கு எழுத்தாவது இருக்கட்டும். பிளகின் செக் என்ற அவர்களது கருவியையே உங்கள் கணினியில் ஓட்டி, அது குறை சொல்வதை நிறுத்தும்வரை திருத்துங்கள், திருத்திய ஜிப்பை ஏற்றிவிட்டு அவர்கள் அனுப்பிய அதே மெயிலுக்கு என்னென்ன மாற்றினீர்கள் என்று நாலு வரி பதில் போடுங்கள். காத்திருக்கிற நாட்களில் பிளகினைப் பற்றி விளக்குகிற ரீட்மி கோப்பை உட்கார்ந்து எழுதலாம், தேடலில் தெரிகிற சுருக்க விளக்கத்துக்கு 150 எழுத்துதான் இடம்.